சனிக்கிழமையின் குறுக்கே ஒரு கோடு

எங்கள் பாடசேகர சமிதியில் எதையும் அழிக்கமாட்டார்கள். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், எங்கள் பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் சங்கம் அது. யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்று ஒரு நீள நோட்டில் எழுதுவார்கள். முறை மாறினால் பழைய கிழமையின் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, புதிய கிழமையைப் பக்கத்திலேயே எழுதுவார்கள். பழையதும் வாசிக்கும்படி தெரிய வேண்டும். ஒரு காலத்தில் ரப்பரால் அழித்து எழுதி, "என்ற முறைய எவன் அழிச்சது?" என்று மண்வெட்டியைத் தூக்கும் அளவுக்குச் சண்டை வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அந்த நோட்டை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தும் அந்தத் தப்பைச் செய்தேன்.

நான் நிரல் எழுதுகிறவள். கம்பெனி கோயமுத்தூரில். வாரத்தில் இரண்டு நாள் வாளையார் செக்போஸ்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய் வருவேன். மற்ற நாட்களில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை. சமிதிக்கு ஒரு கைபேசிச் செயலி செய்து கொடுத்தது கம்பெனி வேலையில் சேராது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானாகச் செய்தது. யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் போய் நின்றேன்.

காரணம், சமிதியின் வலைப்பக்கம். அதை எவர் எந்தக் காலத்தில் செய்து கொடுத்தாரோ, சிவப்பு எழுத்து ஓடும், மஞ்சள் பட்டை மினுக்கும், நடுவில் ஒரு மயில் படம். சமிதி செக்ரட்டரி அதில்தான் தண்ணீர் அறியிப்பை, நம் பாஷையில் அறிவிப்பை, போடுவார், மேலே மலையாளத்தில், கீழே தமிழில். கம்ப்யூட்டரில் பார்த்தால் சரி. கைபேசியில் திறந்தால் எறும்பு ஊர்வதுபோல் எழுத்து. வாய்க்கால் கரையில் சிக்னலும் கிடையாது. மயில் இறங்கி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும்.

அந்தப் பக்கம் முழுவதும் ஹெச்.டி.எம்.எல். என்ற குறிமொழியில் இருக்கும். இது தலைப்பு, இது கட்டம், இது தடித்த எழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு திறப்புக் குறி, ஒரு மூடும் குறி. அந்தக் குறிகளைப் பிரித்துப் படித்து, வேண்டியதை மட்டும் எடுத்து, செயலிக்குள் நமக்குப் பிடித்த அளவில் காட்ட ஆயத்தமான நிரல் தொகுப்புகள் உண்டு. லைப்ரரி என்போம். வேறு தேசத்தில் யாரோ எழுதி, எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்திருப்பது. பழைய கைபேசியிலும் ஓடட்டும் என்று, இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மயிலைத் தூக்கி எறிந்தது. ஓடுகிற சிவப்பை நிறுத்தியது. கட்டத்தை மட்டும் எடுத்து, கட்டைவிரல் அகலத்துக்கு எழுத்தைக் காட்டியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதை முதலில் காட்டியது என் நாத்தனாரிடம், என் கணவரின் அக்காவிடம். அவர் வயல் இரண்டு ஏக்கர், வாய்க்கால் போய் முடியும் கடைமடையில். அவர் வீட்டுக்காரர் மில் வேலைக்குப் போகிறார். உழவிலிருந்து அறுப்பு வரை வயல் இவர் பொறுப்பு. கண்ணாடி வாங்கிக் கொடுத்தும் போடமாட்டார். கைபேசியைக் கை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார்.

"ஏ அம்மிணி, இது கண்ணாடியில்லாமலே தெரியுதே!"

"உங்களுக்காகத்தானுங்க்கா பெருசாப் போட்டேன்."

"பொய் சொல்லாத. உன்ற பவுசக் காட்டறதுக்குப் போட்டிருப்ப."

இரண்டும் உண்மைதான். அடுத்த வாரமே கடைமடை முழுக்க அவரே போய் எல்லார் கைபேசியிலும் போடவைத்துவிட்டார். "எங்கூட்டுப் பொண்ணு பண்ணுனது" என்று சொல்லிச் சொல்லி ஊரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. எதிரில் வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் கைபேசியை எடுத்துக் காட்டுவார்கள். நானும் பெரிய மனுஷிபோல் தலையசைத்துக்கொண்டு போவேன். முதல் போகம் முழுக்க ஒரு குறை கிடையாது. மழைக்காலத்தில் முறை எங்கே மாறப்போகிறது? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாம் போகத்தில், கதிர் பால் பிடிக்கும் சமயம். அந்த நேரத்தில் தண்ணீர் தப்பினால் கதிர் பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கும், உள்ளே அரிசி இருக்காது. கடைமடைக்கு வாரத்தில் ஒரு நாள்தான் முறை. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாத்தனார் போனில் கூப்பிட்டார். குரலில் அத்தனை சந்தோஷம்.

"அம்மிணி, இந்த வாரம் எனக்கு ரெண்டு நாள் தண்ணி! சனி, வியாழன்னு போட்டிருக்குது."

நான் சமையலறையில் ஒரு கையில் கரண்டியோடு நின்றேன். "அட, நல்லதாப் போச்சுங்க்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கடைமடைக்கு எந்த ஜென்மத்தில் இரண்டு நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு செக்ரட்டரி என்னைச் சமிதி ஆபீஸுக்கு வரச்சொன்னார். அவர் கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிட்டதாம். போய் அணைத்து ஏற்றிக் கொடுத்தேன். திரையில் அந்த வாரத்து அறியிப்பு வந்தது. நாத்தனாரின் வரிசையில் 'சனி' என்பதன் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் 'வியாழன்'.

"ஏனுங்க, சனிக்கிழமை தண்ணி இல்லீங்களா?"

"இல்லீங்க அம்மிணி. நாளைக்கிருந்து மேல ஷட்டர் ரிப்பேரு. பெரிய கனால அடச்சுருவாங்க, தொறக்கப் பத்து நாளாகும். அதான் சனிய வெட்டிட்டு, சும்மா கெடக்கற வியாழக்கிழமையப் போட்டேன். இந்த வாரம் அந்த ஒரு முறை மட்டுந்தான் மாறுச்சு."

கைபேசியை எடுத்து என் செயலியைத் திறந்தேன். சனி, வியாழன். கோடு இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், பெரிய எழுத்தில், கண்ணாடியில்லாமல் தெரியும்படி பளிச்சென்று இருந்தன.

நான் எடுத்த லைப்ரரிக்குத் தடித்த எழுத்து தெரியும், நிறம் தெரியும், கட்டம் தெரியும். குறுக்குக்கோட்டுக்கான குறி அதன் பட்டியலிலேயே இல்லை. தெரியாத குறி வந்தால் குறியை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் காட்டும் என்று அதன் விளக்கத்தில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்து, எவ்வளவு பெருந்தன்மையான வழி என்று மெச்சியவள் நான். அதை எழுதினவர்களுக்குக் கோடு என்பது எழுத்துக்குச் செய்யும் அலங்காரம். எங்களுக்குக் கோடுதான் சேதி. அவர்களுக்குத் தெரியாது, சரி. எனக்கு என்ன கேடு? சோதனைக்கு நான் எடுத்த அறியிப்பெல்லாம் மழைக்காலத்து அறியிப்பு. ஒன்றில்கூடக் கோடு கிடையாது.

உடனே நாத்தனாரைக் கூப்பிட்டேன். "அக்கா, தண்ணி வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு. பக்கத்து வயலுக்கு உட்டுட்டேன். போன வாரம் அவரு வாய்க்கா ஒடஞ்சு பாதித் தண்ணி போச்சில்ல, பாவம். எனக்குத்தான் சனிக்கிழமை இருக்குதே."

இருந்த ஒரே முறையை அவர் தானமாகக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கிடைத்தவர், காய்ந்து கிடக்கும் பக்கத்து வயலுக்கு ஒரு நாளை விட்டுக்கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் எழுதிவைக்காத வழக்கம்.

செக்ரட்டரியிடம் சொன்னேன். அவர் முதலில் முறைத்தார். "நான் சரியாத்தானுங்க போட்டிருக்குறேன்" என்றார். சரியாகத்தான் போட்டிருந்தார். தப்பு என்னுடையது என்று சொல்லி, சனிக்குப் பக்கத்தில் 'ரத்து' என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னேன். முனகிக்கொண்டே சேர்த்தார். அதைச் செயலி காட்டியது. ஆனால் கடைமடையில் தண்ணீர் ஏற்கெனவே வேறு வயலில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

நாத்தனார் வரப்பில் நின்றிருந்தார். வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். சனிக்கிழமை இல்லை, அது வெட்டினது, கோடு என் செயலியில் வரவில்லை, பத்து நாளைக்குத் தண்ணீர் கிடையாது.

"ரெண்டு நாளுன்னு உங்கிட்டச் சொன்னேனே. நல்லதாப் போச்சுன்னியே."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. தன் வயலைத் திரும்பிப் பார்த்தார். கதிர் எல்லாம் பச்சையாக நின்றன. அடியில் மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"நான் போயி அவருகிட்டச் சொல்றேனுங்க்கா."

"வேண்டாம்." குரல் உயர்ந்துவிட்டது. "குடுத்த தண்ணியத் திருப்பிக் கேக்கற வம்சமில்ல நாங்க. நீயும் கேக்கக் கூடாது. கேட்டீன்னா என்ற மூஞ்சியில முழிக்காத."

எனக்கும் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, என்மேல்தான், ஆனால் வெளியே வந்தபோது அவர்மேல் வந்ததுபோல் ஆகிவிட்டது. "தண்ணி கேக்கப் போகலீங்க. நான் பண்ணுன தப்ப நான் சொல்லப் போறேன். அத வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு ரைட் கெடையாது" என்று கத்திவிட்டு நடந்தேன். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

பக்கத்து வயல்காரர் மடை ஓரத்தில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். அதிகம் பேசாத மனுஷர். என்னை வெறுங்காலோடு பார்த்ததும் பதறிப்போய், "ஏனுங்க அம்மிணி, என்னாச்சுங்க?" என்றார். சொன்னேன். அந்தம்மாவுக்கு இரண்டு நாள் கிடையாது, ஒரு நாள்தான், அது இன்றைக்குத்தான், தப்பாகக் காட்டியது என் செயலி, அவர் உங்களிடம் திருப்பிக் கேட்க மாட்டார், நானும் கேட்க வரவில்லை.

அவர் தன் வயலைப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்குதான் நனைந்திருந்தது. அவருக்கும் அதுதான் சோறு. கொஞ்சநேரம் மண்வெட்டியால் வரப்பைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்குதுன்னு நெனச்சுத்தானுங்களே குடுத்தாங்க? இல்லாததக் குடுத்தா நான் எப்படீங்க வாங்கறது?" என்றார். "பன்னெண்டு மணி வரைக்கும் எனக்கு உடுங்க. அதுக்கு மேல அவங்க பக்கம் திருப்பிக்கலாம்."

பிறகு அவரே நாத்தனார் வயலைப் பார்த்து, "ஏனுங்க, பன்னெண்டு மணிக்கு மடையத் திருப்பறேன், ரெடியா இருங்க" என்று குரல் கொடுத்தார். நாத்தனார் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார்.

பன்னிரண்டு ஆக ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சும்மா நின்றால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தென்னை நிழலில் உட்கார்ந்தேன். லைப்ரரியின் உள்ளே போனேன். அடுத்தவர் எழுதிய நிரலைத் திறந்து பார்க்கத் துணிச்சல் வேண்டும். அவ்வளவு நாளும் அதை வாங்கிவந்த பொட்டலம்போல் பிரிக்காமலே வைத்திருந்தேன். பிரித்தால் அப்படியொன்றும் பயங்கரம் இல்லை. குறிகளின் பட்டியல் ஓர் இடத்தில், ஒவ்வொன்றையும் எப்படிக் காட்டுவது என்பது இன்னோர் இடத்தில். குறுக்குக்கோட்டுக் குறியைச் சேர்த்தேன். சிலர் அதே கோட்டை வேறு விதமாக, எழுத்தின் தோற்றத்தைச் சொல்லும் பாணிக் குறிப்பாகவும் எழுதுவார்கள். அதையும் சேர்த்தேன். செயலியில் கோட்டோடு நிறுத்தவில்லை. நட்டநடு வெயிலில் சின்னத் திரையில் மெல்லிய கோடு யார் கண்ணுக்குத் தெரியும்? கோடு வரும் இடத்திலெல்லாம் எழுத்து மங்கலாகி, முன்னால் 'ரத்து' என்று தானாகவே வரும்படி செய்தேன். செக்ரட்டரி தன் வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. அவர் கோடு போட்டால் போதும்.

ஓட்டிப் பார்த்தேன். சனியின் குறுக்கே கோடு விழுந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ நிரல் எழுதியிருக்கிறேன், கம்பெனியில் கைதட்டு வாங்கியிருக்கிறேன், ஒரு கோட்டைப் பார்த்து உடம்பு சிலிர்த்தது அன்றைக்குத்தான். நாத்தனாரிடம் கொண்டுபோய்க் காட்டலாமா என்று எழுந்தேன். அவர் முதுகைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு, சொன்னபடி, பக்கத்து வயல்காரர் மடையை அடைத்துத் தண்ணீரைத் திருப்பினார். அவர் வயலில் பாதிதான் நனைந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் சாயங்காலம் வரை தண்ணீரின் பின்னாலேயே நடந்தோம். நான் மண்வெட்டி பிடித்த அழகைப் பார்த்து அவர் சிரிப்பை அடக்கினார். நாத்தனார் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி, ஒரு வெட்டு வெட்டிக் காட்டிவிட்டு, திரும்ப என் கையிலேயே கொடுத்தார். ஆறு மணிக்கு வாய்க்கால் அடங்கியது. மேட்டுப்பக்கம் ஒரு மூலைக்குத் தண்ணீர் ஏறவே இல்லை.

அடுத்த பத்து நாளும் நாத்தனார் என்னோடு பேசவில்லை. நான் தினமும் கூப்பிடுவேன், அவர் எடுக்கமாட்டார். கோபம் என்றால் அப்படியொரு கோபம். அந்த நாட்களில் திருத்திய லைப்ரரியை அதை எழுதினவர்களுக்கே அனுப்பிவைத்தேன். என்ன கோளாறு, எதனால் முக்கியம் என்று விளக்கி எழுதினேன். எங்கள் ஊரில் வெட்டிய எழுத்தையும் வைத்திருப்போம், வெட்டியது தெரியாவிட்டால் ஒரு வயல் காயும் என்றே எழுதினேன். சோதனைக்கு ஓர் உதாரணமும் சேர்த்தேன். ஒரு கட்டம், ஒரே வரிசை, குறுக்கே கோடு போட்ட சனி, பக்கத்தில் வியாழன். தமிழ் எழுத்திலேயே வைத்தேன்.

கனால் திறந்த அன்று நாத்தனார் அவராகவே கூப்பிட்டார். "தண்ணி வந்துருச்சு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து லைப்ரரிக்காரர்களிடமிருந்து பதில் வந்தது. சேர்த்துக்கொண்டார்கள். உதாரணத்தையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். இப்போது அந்த லைப்ரரியில் எந்த தேசத்தில் எவர் என்ன மாற்றம் செய்தாலும், எங்கள் கடைமடை வரிசை சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். சனி என்றால் என்னவென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சனியின் கோடு விழாமல் அவர்களால் ஓர் அடி நகர முடியாது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. வீட்டில் எல்லாரிடமும் இரண்டு தடவை சொன்னேன். கணவர் மூன்றாவது தடவைக்குக் கும்பிடு போட்டார்.

அறுப்பு முடிந்ததும் நாத்தனார் என்னைக் களத்துக்கு வரச்சொன்னார். வயல் தப்பித்துவிட்டது. அந்த மேட்டு மூலை மட்டும் தப்பவில்லை. அந்த மூலையின் நெல்லைத் தனியாக வைத்திருந்தார். ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்து ஊதினார். பாதிக்குமேல் பறந்துபோனது, அத்தனையும் பதர்.

"பாத்துக்க" என்றார். எனக்குக் கண் கலங்கியது. அவர் பார்க்காததுபோல் சாக்கைக் கட்டப் போய்விட்டார்.

அடுத்த போகத்துக்கு முன்னால் சமிதிக் கூட்டம். இனி எல்லா வாய்க்கால்களுக்கும் அறியிப்பைச் செயலியிலேயே போடலாம் என்று செக்ரட்டரி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தலைமடைக்காரர் ஒருவர் எழுந்தார். கடைமடையில் நடந்தது அவர் காதுக்கும் போயிருந்தது.

"ஏனுங்க, போன தடவ தப்பாக் காட்டி ஒரு வயல் காயப் பாத்துச்சு. நாளைக்கு மறுபடியும் தப்பாப் போச்சுன்னா யாரப் போயிக் கேக்கறதுங்க?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நான்தான் எழ வேண்டும். கோடு, குறி, பட்டியல் என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் பின்வரிசையில் நாத்தனார் எழுந்துவிட்டார். காய்ந்த மூலை அவருடையது. ஒரு வார்த்தை அவர் வேண்டாம் என்று சொன்னால் சமிதி மறுபேச்சு பேசாது.

"காஞ்சது என்ற வயலுங்க. அதனால நான் சொல்றேன்" என்றார். "மறுபடியும் தப்பாப் போச்சுன்னா இவளே வருவா. வண்டிய எடுத்துட்டு வந்து, செருப்பக்கூடச் சேத்துல உட்டுட்டு, வரப்பு மேல நின்னு என்ற தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவா. உங்க போன்ல எத்தன ஆப் வெச்சிருக்கறீங்க? அதச் செஞ்சவங்க யாராச்சும் ஒரு நாளு உங்க வயலுக்கு வந்திருக்காங்களா?"

தலைமடைக்காரர் உட்கார்ந்தார். செக்ரட்டரி கை தூக்கச் சொன்னார், முதல் கை நாத்தனாருடையது. பின்னாலேயே எழுந்த கைகளை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பெருமை தாங்காமல் அழுதுவிட்டிருந்தேன்.